பின்பக்கத்தைப் புரட்டுங்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தமிழ் நாவல் ஏதாவது கிடக்கிறதா? இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரை தயவுசெய்து பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள். நான் கூப்பிட்டேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

வன்னியம்பட்டி என்றால் உங்களில் பலருக்குத் தெரிய நியாயமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரம். ஒரு ஊரில் ஆண்டாள் கோபுரமும் பால்கோவாவும். இன்னொரு ஊரில் பஞ்சு மில்லும் வெள்ளை நாயும். மேற்கே நிமிர்ந்தால் மலை. வன்னியம்பட்டியில் என் அத்தை இருக்கிறார். மாமா, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்கு எழுதியவர். சம்பளம் வந்தால் மளிகைக்கு முன்னால் புத்தகம் வாங்குகிற ரகம். இப்போது அவர் இல்லை. புத்தகங்கள் மட்டும் இரண்டு மர அலமாரியிலும் ஒரு டிரங்குப் பெட்டியிலும் இருந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டை இடித்துக் கட்ட ஏற்பாடானது. அத்தை போன் பண்ணினார்.

"மருமகனே, ஒங்க மாமா பொஸ்தகமெல்லாம் அப்படியே கெடக்கு. நீதான அந்த லயன்ல இருக்க... வந்து வேணுங்கிறத எடுத்துக்கோ. வேண்டாதத கழிச்சு விட்டுரு."

போனேன். பத்திரிகைக்காரன் அல்லவா? திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தெருவே வேடிக்கை பார்க்க, புத்தகங்களை இரண்டாகப் பிரித்தேன். நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று இரண்டு பத்திதான் தெரியும். இடது பக்கம் வரவு. சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியவை. வலது பக்கம் செலவு. எடைக்குப் போட வேண்டியவை.

வரவுப் பக்கத்தில் முதலில் ஏறியது ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் புரட்டினேன். 'முதற் பதிப்பு: 1970' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே கரையான் தின்றிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. முதல் பதிப்பு!

செலவுப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பைண்டு வால்யூம்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பிரவுன் பேப்பர் அட்டை போட்டவை. ஒன்றின் முதுகில் மாமாவின் கையெழுத்தில் 'காலங்கள் மாறும்' என்று மசியில் எழுதியிருந்தது. கேள்விப்படாத பெயர். யாரோ எழுதிய குடும்பக் கதை என்று நினைத்துக்கொண்டேன். பிரிக்கக்கூட இல்லை.

அத்தை மெதுவாகச் சொன்னார்: "அது நான் தச்சது. வேணும்னா பாரேன்..."

"பழைய வாரப் பத்திரிகைத் தாள் அத்தை. இதையெல்லாம் யாரும் சீந்த மாட்டாங்க" என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே தராசில் ஏறிவிட்டது.

*

சென்னைக்கு வந்ததும் வரவுப் புத்தகத்தை ஒரு நண்பரிடம் காட்டினேன். முப்பது வருஷமாகப் பழைய புத்தகம் சேர்ப்பவர். நான் பெருமையோடு பின்பக்கத்தைக் காட்ட, அவர் அதைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். மூன்று விநாடி. "முதல் பதிப்பு இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எப்படிக் கண்டுபிடித்தார்? அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கு அப்படியே தருகிறேன். செலவில்லாத வித்தை.

முதலில், எழுத்து. தமிழக அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன்னால் 'லை', 'னை', 'ணை', 'ளை' நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொக்கியோடு இருக்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது. எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும். இவற்றின் ஒகர, ஓகார உறவினர்களையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. ஆக, 1970 என்று போட்ட நாவலில் இன்றைய 'லை' இருந்தால், அந்தப் பிரதி 1978-க்குப் பிறகு அச்சானது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் புது எழுத்துக்கு மாறிவிட்டார் என்பதால், அந்த இயக்கத்துப் புத்தகங்களுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது. இன்னொரு எச்சரிக்கை. தும்பிக்கை இருப்பதாலேயே அது முதல் பதிப்பு ஆகிவிடாது. பழைய ஈய எழுத்தைத் தூக்கிப் போட மனசு வராமல் பல வருஷம் அதிலேயே ஓட்டிய அச்சகங்கள் உண்டு.

இரண்டாவது, முகவரி. பின்கோடு நம் நாட்டுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் 'சென்னை-17', 'மதுரை-1' என்றுதான் போடுவார்கள். 'மதுரை 625 001' என்று ஆறு இலக்கம் இருந்தால், மேலே எந்த வருஷம் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, விலை. ரூ. 3-8-0 என்று மூன்று கட்டமாக இருந்தால் அது ரூபாய், அணா, பை. தசம நாணயம் 1957 ஏப்ரல் 1-ல் வந்தது. 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா. அந்தச் சொல் 1964 வரைதான் புழக்கத்தில் இருந்தது. விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் இருப்பதுதான் நிஜ விலை.

நான்காவது, விரல். அந்தக் காலப் புத்தகம் ஈய எழுத்தை அழுத்தி அச்சிட்டது. தாளின் மறுபக்கத்தைத் தடவினால் லேசாக மேடு தட்டும். ஆஃப்செட்டில் வழவழவென்று இருக்கும்.

ஐந்தாவது, பின்னட்டை. ஐ.எஸ்.பி.என். எண் பதின்மூன்று இலக்கமானது 2007 ஜனவரியில்தான். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-ல் க்ரியா வெளியீடாக வந்த நாவல். பதின்மூன்று இலக்க எண்ணோடு யாராவது அதை முதல் பதிப்பு என்று விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

என் பிரதி முதல் இரண்டு சோதனையிலேயே அவுட். புது 'லை', ஆறு இலக்க பின்கோடு. கரையான் தின்ற இடத்தில் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று ஒரு வரிசையே இருந்திருக்க வேண்டும். மேல் வரியை மட்டும் படித்துவிட்டு ஆடிட் முடித்த பி.காம். நான்!

கிளம்பும்போது நண்பர் ஒன்று சொன்னார். "அந்தப் பக்கம் போனா பைண்டு வால்யூம் கெடைக்குதான்னு பாருங்க சார். இந்த நாவல் தினமணி கதிர்ல தொடரா வந்தப்ப பேரு வேற. 'காலங்கள் மாறும்'."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

*

இதற்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்பீர்கள். பணத்துக்காக என்றால் புலம்பவே வேண்டாம். தமிழில் முதல் பதிப்பை ஏலம் போட்டு யாரும் பங்களா கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெளிநாட்டுக் கதை வேறு. 1997-ல் வந்த முதல் ஹாரி பாட்டர் நாவலின் கெட்டி அட்டைப் பதிப்பு முதலில் 500 பிரதிதான் அச்சானது. அதன் 53-ஆம் பக்கத்துப் பள்ளிச் சாமான் பட்டியலில் மந்திரக்கோல் தவறுதலாக இரண்டு தடவை வந்துவிட்டது. அந்தப் பிழை உள்ள பிரதி இன்றைக்குச் சொத்து. 1925-ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யிலும் 205-ஆம் பக்கத்து அச்சுப் பிழையை வைத்துத்தான் முதல் அச்சை அடையாளம் காண்கிறார்கள். அச்சுப் பிழைக்கு மதிப்பு என்றால், நம் பதிப்பாளர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள் ஆகியிருக்க வேண்டும்!

நமக்கு முதல் பதிப்பு வேறு காரணத்துக்காக வேண்டும். அது வவுச்சர். வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எழுத்தாளர் என்ன எழுதினார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்பதற்கு நம் கையில் உள்ள ஒரே ரசீது அதுதான்.

நான் தொலைத்த புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் காரில் ஏறிய பெண், முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீட்டுக்கு வருகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெரிய சர்ச்சை ஆயிற்று. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியில் பிறந்ததுதான் நாவல். கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு கொடுத்த மாமாவே வேறு கணக்குப் போடுகிறார். கடைசியில் தன்னைக் கெடுத்தவனையே அவள் தேடிப் போகிறாள்.

இதை 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் வாரா வாரம் படித்தவர்கள், ஒரு வாக்குறுதியோடு படித்திருக்கிறார்கள். தலைப்பே நம்பிக்கை கொடுக்கிறது. கங்காவுக்கும் ஒரு விடிவு வரும் என்று அடுத்த இதழுக்குக் காத்திருக்க வைக்கிறது. புத்தகமானபோது அந்த வாக்குறுதியை ஜெயகாந்தன் எடுத்துவிட்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்பதில் காலத்தின் மீது பழி இல்லை, நம்பிக்கையும் இல்லை; மனிதர்கள் மட்டும் இருக்கிறார்கள். 1972-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியதும், 1977-ல் லட்சுமி நடித்துப் படமாக வந்ததும் இந்த இரண்டாவது பெயரில்தான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்ல தலைப்பு. அந்த முடிவுக்குப் பொருந்துவது அதுதான். ஆனால் முதல் தலைப்பு தெரிந்தால்தானே, ஆசிரியர் எதை அழித்துவிட்டு இதை எழுதினார் என்பது புரியும்?

தமிழ் நாவலுக்கு இது பொது விதி மாதிரி. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-லிருந்து 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து, 1896-ல் புத்தகமானது. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வந்தது, மணியம் படங்களோடு. பிறகும் அதே பத்திரிகையில் வேறு ஓவியர்களின் படத்தோடு மறுபடி தொடராக வந்திருக்கிறது. ஆகவே பைண்டு வால்யூம் கிடைத்தால் படத்துக்குக் கீழே கையெழுத்தைப் பாருங்கள். மணியம் என்று இருந்தால், நம் பாட்டிமார் ஊசி நூலால் வெளியிட்ட முதல் பதிப்பு அது.

*

சரி, பதிப்பாளர்கள் பக்கம் வருவோம். எனக்கு உண்மையான கோபம் அங்கேதான்.

நம் ஊரில் பதிப்பகம் மாறும்போதெல்லாம் நாவல் புதிதாகப் பிறக்கிறது. புதுப் பதிப்பாளர் பின்பக்கத்தில் 'முதற் பதிப்பு' என்று போட்டுக்கொள்கிறார். 'எங்கள்' என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால் முடிந்தது. நாலு எழுத்துக்கு மசி செலவாகிவிடுமா? கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆனபிறகு, யார் வேண்டுமானாலும் 'பொன்னியின் செல்வன்' போடலாம் என்றாயிற்று. 2022-ல் படம் வந்தபோது புத்தகக் கடைகளில் எத்தனை பொன்னியின் செல்வன்கள்! சிலவற்றின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், கல்கி அதைப் போன வருஷம்தான் எழுதி முடித்தார் என்று நினைக்கத் தோன்றும். எந்தப் பத்திரிகையில் வந்தது, எப்போது வந்தது, எந்தப் பதிப்பைப் பார்த்து இதை அச்சுக் கோத்தார்கள்... ஒரு வரி இருக்காது. ஆசிரியரின் முன்னுரையும் பக்கத்தை மிச்சம் பிடிக்கக் காணாமல் போயிருக்கும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரிக்காரர். இந்தோனேஷியாவுக்குப் போய் யுத்தத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக ஒரு அறையில் வாழ்ந்தவர். இந்த நாவல் 1972-ல் கலைஞன் பதிப்பக வெளியீடாக வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1997 டிசம்பரில் அவர் காலமானார். 1999-ல் தமிழினி அவருடைய இரண்டு நாவல்களையும் ஒரே தொகுதியாகப் போட்ட பிறகுதான் ஊரே கொண்டாடியது. இடையில் இருபத்தேழு வருஷம். 1972 என்ற வருஷம் தெரியாமல் ஒருவர் அந்த நாவலைப் படித்தால், தமிழ் வாசகர்கள் நல்ல எழுத்தை உடனே அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் என்று தப்பாக நினைத்துவிடுவார். பதிப்பு வருஷம் என்பது சில சமயம் நம் மீதான குற்றப்பத்திரிகை. அதை மறைக்கக் கூடாது.

நன்றாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் நடத்திய 'வாசகர் வட்டம்' புத்தகங்களைக் கையில் எடுத்தாலே தெரியும். லா.ச.ரா.வின் 'புத்ர', நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' எல்லாம் அங்கே வந்தவை. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி செய்த செம்பதிப்பு 2000-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. ஒவ்வொரு கதையும் முதலில் எந்தப் பத்திரிகையில், எப்போது வந்தது என்று தேடி, பத்திரிகைப் பாடத்தையும் புத்தகப் பாடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் குறித்திருக்கிறார். புதுமைப்பித்தன் இறந்தது 1948. ஐம்பது வருஷம் கழித்து அவருக்கு ஒரு ஒழுங்கான பேலன்ஸ் ஷீட் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது? யாரோ சிலர் பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்.

அரசாங்கமும் ஒரு காலத்தில் கணக்கு வைத்திருந்தது. 1867-ல் பிரிட்டிஷ்காரன் போட்ட அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டப்படி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர், அச்சகம், வெளியான தேதி, பக்கம், விலை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி என்று பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசிதழில் பட்டியல் போட வேண்டும். நம்மை உளவு பார்க்கத்தான் செய்தான். ஆனால் இன்றைக்கு அந்த உளவுக் கணக்குதான் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பொக்கிஷம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம் 2024 மார்ச் 1-லிருந்து அமலில் இருக்கிறது. அது பத்திரிகைகளுக்கு மட்டும்தான். புத்தகம் அதில் இல்லை. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமை மட்டும் இருக்கிறது. இப்போதோ ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப அச்சடித்து, ஒரே மாதத்தில் மூன்றாம் பதிப்பு என்று விளம்பரம் செய்கிற காலம். பதிப்பாளர் தானாகப் பின்பக்கத்தில் உண்மையை எழுதினால்தான் உண்டு.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பார்க்கிறேன். கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்த ஓவியர். நாவல் மட்டும் அல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையைக்கூட விடாமல் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. எதைக் கழிப்பது என்று அவர் முடிவு செய்யவில்லை. அதனால்தான் மிஞ்சியது. நான் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தேன். என் அத்தை வீட்டிலிருந்து பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில், 1875-லிருந்து பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

*

போன மாதம் வன்னியம்பட்டி போயிருந்தேன். புது வீட்டில் அலமாரிக்கு இடமில்லை, சுவரில் டி.வி. சாப்பாடு போட்டுவிட்டு அத்தை கேட்டார்:

"நான் தச்ச 'காலங்கள் மாறும்' பொஸ்தகம் என்னப்பா ஆச்சு?"

உண்மையைச் சொன்னேன். என்ன நாவல் அது, ஏன் முக்கியம், எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"கல்யாணமான புதுசு. மாமா மில்லுலருந்து வரும்போது வாங்கிட்டு வருவாரு. அவரு படிக்க நான் கேப்பேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது நடந்துராதான்னு வாரா வாரம் பாத்தோம். பேரே அப்படித்தான வச்சிருந்தாங்க..." என்றார். "கடைசில ஒண்ணும் மாறல. அதுல எனக்குக் கோவம். ரெண்டு நாள் தைக்காமப் போட்டுட்டேன். அப்புறம் மாமா கேட்டாருன்னு தச்சுக் குடுத்தேன்."

தலைப்பைப் பற்றி நான் மேலே எழுதியிருப்பதெல்லாம் அவர் சொன்னதிலிருந்து எடுத்ததுதான். எந்தப் பதிப்பின் பின்பக்கத்திலும் அது அச்சாகவில்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பரணில் ஏறுங்கள். ஸ்டூல் ஆடாமல் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எது கிடைத்தாலும் முதலில் பின்பக்கத்தைப் புரட்டுங்கள். பின்பக்கம் இல்லாத பைண்டு புத்தகமாக இருந்தால், அதைத் தைத்தவர் வீட்டில் இருக்கிறாரா பாருங்கள். இருந்தால் அவரிடம் கேளுங்கள்.